ஒரு நூல் இடம்

ஆனி மாதம் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் கதவு அடைபடாது. தென்மேற்கு மழை ஒருமுறை, வடகிழக்கு மழை ஒருமுறை என்று ஆண்டுக்கு இரண்டு தடவை நனைகிற குமரி மண்ணில் இது யாருக்கும் புதிதல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு மழை நாளில் பக்கத்து வீட்டுப் பையன் இழைப்புளி கேட்டு என் திண்ணைக்கு வந்தான். அவனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

"பாட்டா, கதவு நிலையில இடிக்குது. ஓரத்த ரெண்டு இழை சீவி விட்டா சரியாப் போவும்."

நான் கொடுக்கவில்லை. "தை பொறக்கட்டும் மக்கா. அப்பவும் இடிச்சா நானே வந்து இழச்சுத் தாறேன்" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. கருவியை இரவல் தர மனமில்லாத கிழவன் என்று நினைத்திருக்கலாம். தை பிறந்தது; அவன் வரவில்லை. வழியில் பார்த்து நானே விசாரித்தேன். "அது தன்னால சரியாயிட்டு பாட்டா" என்றான். அன்று நான் இழைப்புளியைக் கொடுத்திருந்தால் ஆனிக்கு அந்தக் கதவு அழகாக அடைபட்டிருக்கும். மாசியில் காற்றும் பல்லியும் நுழையும் சந்தோடு நின்றிருக்கும். சீவிய மரத்தை ஒட்டவைக்க எந்த ஆசாரியாலும் ஆகாது.

மாசியிலும் இடிக்கிற கதவு உண்டு. அதை இழைக்கத்தான் வேண்டும். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. நிலையின் உள்விளிம்பில் சாக்பீஸை அழுத்தித் தேய்த்துவிட்டுக் கதவை ஒருமுறை அடைத்துத் திறந்து பாருங்கள். இடிக்கிற இடத்தில் மட்டும் வெள்ளை பதிந்திருக்கும். அங்கே மட்டும் சீவினால் போதும். ஓரம் முழுவதையும் சீவுகிறவன் உரசாத இடத்தையும் சேர்த்துத் தண்டிக்கிறான்.

மக்களே, 1963இல், என் 14ஆவது வயதில், தக்கலைப் பக்கம் ஒரு தச்சுப் பட்டறையில் என்னைக் கொண்டுபோய் விட்டார்கள். இன்று எனக்கு 76 வயது. கண் மங்கிவிட்டது, கை இன்னும் நடுங்கத் தொடங்கவில்லை. தொடங்குவதற்குள் உங்களிடம் சில காரியங்களைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் மரத்தின் குணம். வெட்டிப் போட்டு ஐம்பது ஆண்டு ஆனாலும் மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், திரும்ப விடும். ஈரம் ஏறினால் பருக்கும், இறங்கினால் ஒடுங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. நீளவாக்கில் அது அசைவதே தெரியாது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குகூடத் தேறாது. அகலவாக்கில்தான் ஆட்டம் எல்லாம். பச்சை மரம் முழுக்கக் காய்வதற்குள், அடக்கமான மரம் என்று பேர்பெற்ற தேக்கே, ரேகை ஓடும் விதத்தைப் பொறுத்து நூற்றுக்கு 2 முதல் 6 பங்கு வரை அகலத்தில் ஒடுங்கும். பட்டறையில் நல்ல உலர்ந்த மரம் என்று நாம் எடுத்து வைப்பதில்கூட நூற்றுக்கு 12 பங்கு அளவில் ஈரம் இருக்கும். அந்த ஈரம் மழைக்கு ஏறும், வெயிலுக்கு இறங்கும். தச்சு வேலையில் பாதிக்கு மேல் இந்த ஒரு குணத்துக்கு இடம் கொடுக்கிற வேலைதான்.

இதை நான் கேட்டுக் கற்கவில்லை, கெடுத்துக் கற்றேன். 22 வயதில் தனியாக ஒரு வீட்டு வேலையை ஏற்றேன். முன்வாசல் கதவு. அயனி மரச் சட்டம், நடுவில் அகலமான தேக்குப் பலகை. என் கதவின் பலகை என்றைக்கும் ஆடக் கூடாது என்ற வைராக்கியத்தில், சட்டத்தின் காடிக்குள் பலகையை இறுக்கமாக அடித்து இறக்கி, நான்கு பக்கமும் வஜ்ஜிரம் பூசி, போதாதென்று ஆணியும் அறைந்தேன். பால்காய்ச்சு நாளில் வந்தவர்கள் எல்லாம் தட்டிப் பார்த்து மெச்சினார்கள். பங்குனி வெயில் ஏறியது. ஒரு நாள் மதியம் அந்த வீட்டுக்காரர் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் பலகை மேலிருந்து கீழ்வரை பிளந்து நின்றது. வெடி போட்டது போலச் சத்தம் கேட்டது என்றார் அந்த வீட்டம்மா. மரம் ஒடுங்கப் பார்த்திருக்கிறது; நான் நான்கு பக்கமும் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒடுங்க வழியில்லாத மரம் வெடித்துத்தானே தீரும்?

எனக்கு வேலை சொல்லித் தந்த பட்டறையின் மூத்தாசாரியிடம் போய் நின்றேன். அவர் திட்டவில்லை. பட்டறையில் கிடந்த ஒரு பழைய கதவைத் தூக்கி என் முன் சாய்த்தார். "நடுப்பலகைய உள்ளங்கையால தள்ளு" என்றார். தள்ளினேன். நாற்பது ஆண்டு பழைய கதவின் பலகை காடிக்குள் மெல்ல ஒரு நூல் அளவுக்கு நகர்ந்தது. பசை இல்லை, ஆணி இல்லை. "சட்டம் வீட்டுக்கு, பலகை மரத்துக்கு" என்றார். அன்றைக்கு அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

தச்சர்கள் கணக்கில் ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். காடியின் ஆழத்தில், பலகையின் இரு பக்கமும் ஒவ்வொரு நூல் இடம் விட்டால் போதும். அந்தக் கதவு தலைமுறைகளைப் பார்த்துவிடும். வெயில் காலத்தில் வேலை செய்தால் மழைக்குப் பருக்கும் என்று நினைத்துச் சற்றுத் தாராளமாக விட வேண்டும். மழைக் காலத்தில் செய்தால் பலகை ஏற்கெனவே பருத்துத்தான் இருக்கும், கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். காடிக்குள் இறங்கும் பலகையின் ஓரத்துக்குச் சட்டம் மாட்டும் முன்பே வார்னிஷ் பூசிவிடுங்கள். இல்லாவிட்டால் மாசியில் பலகை ஒடுங்கும்போது நிறம் ஏறாத வெள்ளைக் கோடு வெளியே எட்டிப் பார்க்கும்.

பிள்ளைகளை வளர்த்தபோதும், கூட்டுக் குடும்பத்தில் பதினோரு பேர் ஒரு கூரையின்கீழ் இருந்தபோதும் அந்தப் பழைய கதவை நான் பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு. என் மூத்த மகனை நான் நான்கு பக்கமும் ஆணி அறைந்து வைத்திருந்த ஆண்டுகள் சில உண்டு. அவன் படிப்பு, அவன் சேர்க்கை, அவன் கைச்செலவு எல்லாம் என் விருப்பப்படி. அந்த வெடிப்பையும் நான் கேட்டேன். அதைப் பூட்டி ஒட்ட ஏழெட்டு வருடம் ஆயிற்று.

ஆனால் இடம் விடுவது என்றால் தளர்வாக விட்டுவிடுவது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பலகைக்கு இடம் விட வேண்டுமானால் சட்டம் அசையவே கூடாது. சட்டத்தின் மூலைகளில்தான் தச்சனின் மானம் இருக்கிறது. அந்த மூலை இணைப்பைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு முறை கையில் வந்துவிட்டால் நாற்காலி, மேசை, கட்டில், ஜன்னல் எல்லாம் அதற்குள் அடக்கம்.

நெடுஞ்சட்டத்தில் துளை, குறுக்குச்சட்டத்தில் அதற்குள் புகும் கழுந்து. சட்டத்தின் கனத்தை மூன்றாகப் பகுத்து நடுப்பங்கைக் கழுந்துக்குக் கொடுக்க வேண்டும். ஒன்றரை அங்குலச் சட்டம் என்றால் கழுந்து அரை அங்குலம். கழுந்தைத் தடிப்பாக வைத்தால் துளையின் சுவர் மெலிந்து பிளக்கும், மெலிதாக வைத்தால் கழுந்தே ஒடியும். இரண்டு பேரும் சமமாகச் சுமக்கிற கணக்கு அது. துளையை முதலில் வெட்டுங்கள், கழுந்தைப் பிறகு அறுங்கள். துளையின் அகலம் உளியின் அகலம். அதை மாற்ற முடியாது. கழுந்தை அதற்கேற்பச் சீவிக்கொள்ளலாம். கழுந்தின் தோளுக்குப் பென்சிலால் கோடு போடாதீர்கள். பென்சில் கோட்டுக்கே ஒரு தடிப்பு உண்டு. மூலைமட்டத்தை வைத்துக் கூரான கத்தியால் கீறுங்கள். கீறலில் நார் வெட்டுப்பட்டுவிடுவதால் வாள் இழுக்கும்போது சிராய் கிளம்பாது. கீறலைத் தொடாமல், கழிவுப் பக்கமாக வாளை ஓட்டுங்கள். மிச்சத்தை உளி பார்த்துக்கொள்ளும்.

இனி, அந்த இணைப்பைக் குறுக்கே பிடித்து நிறுத்தும் முளை போடுவது. இதை மூத்தாசாரி எனக்குச் சொல்லித் தந்தது மூன்றாவது வருடத்தில். அதுவரை நான் முளைத்துளையை இரண்டு சட்டத்திலும் ஒரே நேராகத் துளைத்துக்கொண்டிருந்தேன். அன்று அவர் துளையிட்ட நெடுஞ்சட்டத்துக்குள் கழுந்தைச் செருகி, தோள் இறுகப் பொருந்தும்வரை கொட்டாப்புளியால் இரண்டு தட்டு தட்டினார். நெடுஞ்சட்டத்தின் முளைத்துளை வழியே துரப்பணத்தின் நுனியை விட்டுக் கழுந்தின்மேல் ஒரு புள்ளி குத்தினார். கழுந்தை வெளியே உருவினார். அந்தப் புள்ளியில் துளைக்காமல், அதிலிருந்து தோள் பக்கமாக அரை நூல் தள்ளி இன்னொரு புள்ளி வைத்து அங்கே துளைத்தார். நான் அளவு தவறிவிட்டது என்று நினைத்து வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். முற்றிய மூங்கில் சிராயை நுனி மெலியும்படி சீவி, சோப்பில் ஒருமுறை தேய்த்து, கழுந்தைத் திரும்பச் செருகி, முளையை அடித்தார். நேராக இல்லாத இரண்டு துளைகளுக்குள் முளை வளைந்து புகும்போது கழுந்தை உள்ளே இழுத்தது. தோளில் இருந்த மயிரிழைச் சந்து என் கண்முன்னே மூடிக்கொண்டது. பசை ஒரு சொட்டு இல்லை. வெளியே நீட்டிய முளையை வாளால் அறுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அரை நூல்தான் கணக்கு. ஒரு நூல் தள்ளினால் வைரம் பாய்ந்த மரத்தில் முளை ஒடியும், அல்லது கழுந்தின் நுனி பிய்த்துக்கொண்டு போகும். தள்ளாமலே விட்டால் முளை சும்மா செருகி நிற்கும், இழுக்காது. நான் சேர்த்துவைத்த எத்தனையோ காரியங்களில் இந்த அரை நூல் வித்தியாசம்தான் பிடித்து நிறுத்தியிருக்கிறது. எல்லாவற்றிலும் ஒத்துப்போகிற இரண்டு பேரைவிட, சிறிது விலகியிருந்து ஒருவரையொருவர் இழுத்துப் பிடிக்கிற இரண்டு பேர் காலம் தள்ளியதை நிறையப் பார்த்திருக்கிறேன். என் மனைவி என்னோடு வாழ்ந்த 48 ஆண்டுகளும் அந்த வகை.

ஆப்பு வைக்கிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. கழுந்து மறுபக்கம் வெளிவரும் இணைப்பில், அதன் நுனியைப் பிளந்து ஆப்பு இறக்கும்போது, கழுந்து நெடுஞ்சட்டத்தின் நீளவாக்கில் அகல வேண்டும். அங்கே நார் நுனியாக நின்று தாங்கும். பக்கச் சுவரை ஆப்பு நெருக்கினால் சட்டம் நாரோடு பிளந்துவிடும். ஆப்பு ஒன்றுதான், வைக்கிற திசையில் இருக்கிறது இறுகுவதும் பிளப்பதும்.

சின்னச் சின்னக் கைப்பழக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். பலகையின் ஓரத்தில் ஆணி அடிக்கும்போது மரம் பிளக்கிறதா? ஆணியைத் தலைகீழாக வைத்து அதன் கூர்நுனியைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுக்கிவிட்டு அடியுங்கள். கூர் நுனி நாரை இரண்டாக விலக்கிக்கொண்டு போகும், மழுங்கிய நுனி நாரை நசுக்கிக்கொண்டு போகும். கெட்டி மரத்தில் பித்தளைத் திருகாணி போடுவதானால் முதலில் துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை ஒருமுறை முடுக்கி எடுத்துவிட்டு, பிறகு பித்தளையைச் சோப்பில் தோய்த்து முடுக்குங்கள். இல்லாவிட்டால் தலை கழன்று கையோடு வரும். கீல் ஆணி பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ஓட்டைக்குள் ஃபெவிகால் தொட்ட மூங்கில் சிராய் இரண்டைத் திணித்து, மறுநாள் வரை காயவிட்டு முடுக்குங்கள். சட்டம் சதுரமாக நிற்கிறதா என்று அறிய மூலைவிட்டம் இரண்டையும் ஒரே குச்சியால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றானால் சதுரம். டேப் இல்லாத காலத்தில் இந்தக் குச்சி பொய் சொன்னதில்லை, இன்றும் சொல்வதில்லை.

தோட்டத்து மரக்கதவு நாளாக நாளாகத் தலை தொங்குகிறது என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். பெரும்பாலும் குறுக்குத்தாங்கியைத் தலைகீழாகப் போட்டிருப்பார்கள். கீல் இருக்கும் பக்கத்தின் கீழ்மூலையில் தொடங்கி, திறக்கும் பக்கத்தின் மேல்மூலைக்கு அது ஏற வேண்டும். அப்போது கதவின் பாரம் தாங்கியின் வழியாக இறங்கிக் கீலுக்கு வந்து சேரும். மரம் அழுத்தத்தைத் தாங்கும். ஆணியடித்த மூலை இழுப்பைத் தாங்காது.

இழைப்பதைப் பற்றி ஒன்று. பலகையின் ஓரத்தைப் பாருங்கள்; ரேகை எந்தப் பக்கம் மேலேறுகிறதோ அந்தப் பக்கமாக இழைப்புளியை ஓட்டுங்கள். எதிர்ப்பக்கம் ஓட்டினால் நார் பிய்ந்து வரும். பிய்ந்த பிறகு வலுவைக் கூட்டி அழுத்துகிறவன் பலகையையே பாழாக்குவான். திருப்பிப் போட்டுத் தள்ளினால் வெற்றிலை நரம்பு போல மெல்லிய சீவல் சுருண்டு வரும். எதிரே நிற்கிற ஆள் முரண்டு பிடிக்கும்போதெல்லாம், பலகையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேனா என்று நான் என்னையே கேட்டுக்கொள்ளும் பழக்கம் இந்த வேலையில் வந்தது.

இதெல்லாம் ஒரு நாளில் வருவதில்லை. பட்டறையில் என் முதல் நான்கு மாதமும் உளி தீட்டுவது மட்டும்தான். என்னோடு சேர்ந்தவன் இரண்டாவது வாரமே போய்விட்டான்; அவனைக் குறை சொல்ல மாட்டேன், சலிப்பு அப்படி. உளியின் சாய்வைக் கல்லில் 25 பாகை அளவில் ஒரே நிலையில் பிடிக்க வேண்டும். முன்னும் பின்னும் தள்ளும்போது மணிக்கட்டு ஆடினால் சாய்வு உருண்டுவிடும், வெட்டாது. பின்பக்கம் விரல் வைத்துத் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும்; தட்டுப்பட்டால் இந்தப் பக்கம் முடிந்தது என்று பொருள். பிறகு உளியைக் கவிழ்த்து, பின்பக்கத்தைக் கல்லில் தட்டையாகப் படுக்கவைத்து இரண்டு இழுப்பு. கடைசியில் புறங்கை மயிரில் வைத்துப் பார்ப்பார் மூத்தாசாரி. சிரைத்தால் தலையசைப்பார், இல்லாவிட்டால் கல்லைக் காட்டுவார். மழுங்கிய உளிதான் கையை வெட்டும் என்பதைப் பிற்பாடு அறிந்தேன். வெட்டாத உளியைப் பலம் கொடுத்துத் தள்ளுகிறோம், அது வழுக்குகிறது. என் இடது பெருவிரலில் இருக்கும் தழும்பு சோம்பலாகத் தீட்டிய ஒரு காலைப்பொழுதின் தழும்பு.

பொறுமைக்கு மரத்தைவிடப் பெரிய ஆசான் இல்லை. முன்னெல்லாம் தேக்கை உடனே வெட்டிச் சாய்க்க மாட்டார்கள். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளி மரத்தையும் வளையமாக வெட்டிவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றபடியே உலர விடுவார்கள். பர்மாக் காடுகளில் அதுதான் வழக்கம். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது, உலர்ந்தால்தான் மிதக்கும் என்பது ஒரு காரணம். கேரளத்தின் நிலம்பூரில் 1840களில் மலபார் கலெக்டராக இருந்த கானோலி துரையும் அவரிடம் பணிபுரிந்த சாத்து மேனோனும் சேர்ந்து நட்ட தேக்குகளில் சில இன்றும் நிற்கின்றன. நட்ட கைகள் அந்த மரத்தில் ஒரு பலகைகூட அறுத்துப் பார்த்ததில்லை.

தக்கலைக்குப் பக்கத்தில்தான் பத்மநாபபுரம் அரண்மனை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் அந்த ஊர்தான். அரண்மனை இன்று நம் மாவட்டத்துக்குள் இருந்தும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. முதல் சம்பளம் கிடைத்த மாதம் மூத்தாசாரி என்னை அங்கே அழைத்துப் போனார். எல்லோரும் பூமுகத்தின் கூரையில் செதுக்கிய பூக்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைத் தாய்க்கொட்டாரத்துக்குள் கூட்டிப்போய், உத்திரமும் தூணும் சேரும் மூலையில் நிறுத்தினார். "பூவ எல்லாரும் பாப்பாவ. நீ சேர்ப்பப் பாரு" என்றார். எத்தனை இடவப்பாதி மழையைக் கண்ட சேர்ப்பு அது! என் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தேன், நுழையவில்லை. அதைச் செய்த ஆசாரியின் பெயர் எங்கும் எழுதியிருக்கவில்லை.

கதவை இழைக்க வந்த அந்தப் பையன் சென்ற வாரம் மறுபடி திண்ணைக்கு வந்தான். இப்போது அவனுக்கு நடக்கத் தொடங்கிய ஒரு பெண்குழந்தை. பிள்ளை உட்கார்ந்து சாப்பிட ஒரு குரண்டி செய்ய வேண்டும், கடையில் வாங்க மனமில்லை, தன் கையாலேயே செய்ய வேண்டும் என்றான். வெட்டிக் காய்ந்த பலாத்துண்டு ஒன்று வீட்டில் கிடக்கிறதாம். பலகையைப் பிறகு பார்ப்போம், முதலில் உளி என்றேன். சனிக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறேன். வெள்ளி இரவே தீட்டுக்கல்லைத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும்.